பிட்டக்காவின் பலகை

வந்தவர் வாயைத் திறப்பதற்குள் பிட்டக்கா அவருடைய சட்டைக் கையைப் பிடித்துவிடுவார். மடிப்பில் ஒட்டியிருக்கும் தூளை ஆள்காட்டி விரல் நகத்தால் ஒரு சுரண்டு. கட்டைவிரலோடு வைத்து ஒரு தேய்ப்பு. மூக்கருகே கொண்டுபோய் ஒரு மோப்பம். அதற்குப் பிறகுதான் பேச்சு.

"தேக்கு. அதுவும் பழைய தேக்கு. எங்கேயோ கதவப் பிரிச்சு எடுத்திருக்க. உள்ள ஆணி இருக்கும் தம்பி. காந்தத்த வச்சு முழுசாத் தடவிப் பாத்துட்டு அப்புறம் மெஷின வை. ஆணியில பட்டா பிட்டோட மூக்கு போயிடும். போனப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

தச்சர் திருதிருவென்று விழிப்பார். தேக்கு என்று அவர் சொல்லவே இல்லை. பழைய கதவைப் பிரித்த கதையை அவர் வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

சில சட்டைகளில் வரும் தூள் மாவு போல இருக்கும், வாசனையே இருக்காது. அப்போது அக்காவின் முகம் கோணும். இது மரமில்லை, மரத்தைப் பொடித்துப் பசையில் பிசைந்து பலகையாக அமுக்கியது என்பார். அந்தப் பசை சாதாரண இரும்பு பிட்டை ஒரே நாளில் மழுங்கடித்துவிடும். கார்பைடு என்கிற கெட்டி உலோகத்தில் மூக்கு வைத்ததைத் தவிர வேறு எதையும் அந்தச் சட்டைக்காரருக்கு அவர் கொடுக்கமாட்டார். கெஞ்சினாலும் கொடுக்கமாட்டார்.

இரும்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில், இரண்டு கையை விரித்தால் சுவர் இடிக்கிற அகலத்தில் இருக்கிறது அவர் கடை. ரவுட்டர் என்பது இரண்டு கையாலும் பிடித்து மரத்தின் மேல் ஓட்டுகிற மெஷின். அதன் அடியில் சுழலுகிற சின்னக் கத்திதான் பிட். மெஷினைக் காசு இருக்கிற யாரும் வாங்கிவிடலாம். எந்த வேலைக்கு எந்த பிட் என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும். அந்தத் தெருவில் பதினொரு கடைகள் உண்டு. எந்த பிட் என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் படித்தது நாலாம் வகுப்பு. இதை மறைக்கிற பழக்கமும் அவருக்கு இல்லை.

"பரீட்சையில பிட் அடிக்கத் தெரியல, நாலாங்கிளாஸோட நின்னுட்டேன். இப்ப பிட்டாலேயே பொழைக்கிறேன்" என்பார். கேட்டவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பார். சிரிக்காதவருக்கு இன்னொரு தடவை சொல்லுவார்.

பிட்டுகள் ஓட்டை போட்ட கட்டையில் தலை மேலாக நட்டு நிற்கும். ஒவ்வொன்றின் தலைக்கும் பழைய சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். கார்பைடு, மரத்தைப் பார்த்தால் வீரன், இன்னொரு பிட்டைப் பார்த்தால் கோழை என்பது அவர் கணக்கு. ஒன்றோடொன்று மோதினால் பல் உதிர்ந்துவிடும். கேள்வி மூன்றுதான் கேட்பார். ஓரமா, நடுவா? எவ்வளவு ஆழம்? உன் மெஷினுக்கு வாய் எவ்வளவு?

மூன்றாவது கேள்வியில்தான் சண்டை வரும். பிட்டின் காம்பைக் கவ்வுகிற பகுதிதான் மெஷினின் வாய். கால் இஞ்சு என்று சிலர் சொல்வார்கள், ஆறு மில்லி என்று சிலர். "ரெண்டும் ஒண்ணுதானக்கா" என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், அன்றைக்கு அவர் சீக்கிரம் வீடு திரும்ப முடியாது.

"கால் இஞ்சும் ஆறு மில்லியும் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். ஆனா ஒருத்தன் சட்டை இன்னொருத்தனுக்கு ஆகாது. ஆறு மில்லி காம்ப கால் இஞ்சு வாயில வச்சா, கவ்வின மாதிரியே நடிக்கும். பாதி வேலையில மெல்ல நழுவி எறங்கும். நீ பள்ளம் போட்டுக்கிட்டிருக்கிறதா நெனப்ப. அங்க கிணறு தோண்டியிருக்கும்."

சொல்லிக்கொண்டே, இரண்டு துளை போட்ட பித்தளைத் தகட்டை நீட்டுவார். கொண்டுவந்த காம்பை அதில் நுழைத்துப் பார்த்த பிறகுதான் விற்பனை. எல்லாம் முடிந்து ஆள் படி இறங்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கட்டாயம் கேட்கும். "பிட்ட மாத்துறப்ப பிளக்கப் பிடுங்கிட்டு மாத்து. காம்ப முழுசா உள்ள தள்ளிட்டு ஒரு நகக்கனம் மேல இழு. பெரிய பிட்டுனா வேகத்தக் குறை." பாதிப் பேர் திரும்பாமலே கையை ஆட்டுவார்கள். மனப்பாடம்.

அக்கா இந்தக் கடைக்கு வந்தது பெருக்குவதற்கு. அப்போது வயது இருபத்தாறு. பழைய முதலாளி வாடிக்கையாளருக்குக் கடையின் பின்பக்கத்தில் பிட்டை ஓட்டிக் காட்டுவார். ஓட்டி முடித்ததும் தூளை அள்ளுவது அக்கா. தேக்குத் தூள், மாமரத் தூள், பைன் தூள் என்று ஒவ்வொன்றின் வாசனையும் துடைப்பத்தின் வழியாகத்தான் அவர் மூக்குக்கு ஏறியது. பெட்டியில் இங்கிலீஷில் எழுதியிருந்ததை வாசிக்க வராது. அதனால் பிட்டுகளை அவற்றின் வடிவத்தைப் பார்த்து ஓட்டையில் நட்டு வைத்தார். மூன்றாம் வருடம் முதலாளிக்கே ஒரு பிட் கிடைக்கவில்லை என்றால், "ஏம்மா, அது எங்க?" என்று கேட்கிற நிலை வந்துவிட்டது. முதலாளி வயதாகி மகள் வீட்டோடு போனபோது கடையை ஒப்படைத்தது உறவுக்காரர் யாரிடமும் இல்லை. பெருக்கினவரிடம். இந்த இடத்தைச் சொல்லும்போது அக்கா முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொள்வார். செருகட்டும். உழைத்து ஏறினவருக்கு அந்த உரிமை உண்டு.

கடையோடு சேர்ந்து வந்ததுதான் அந்த மாதிரிப் பலகை.

நாலடி நீளம், ஒரு சாண் அகலம், இரண்டு விரல் கனம். மேசைக்கு மேலே சங்கிலியில் தொங்கும். நாலு விரல் அகலத்துக்கு ஒரு பிட் என்று ஓரம் முழுக்கப் பத்தொன்பது வெட்டு. முகத்தில் குறுக்கே எட்டுப் பள்ளம். ஆக இருபத்தேழு. பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் பெயர்கள் தச்சர்களுக்கும் புரியாது, அக்காவுக்கும் புரியாது. பலகையில் விரலை ஓட்டி, "இதுதான்க்கா" என்று நின்ற இடத்தில் நிறுத்தினால் அந்த பிட்டை அக்கா எடுத்துக் கொடுப்பார். பெயரெல்லாம் அவர் வைத்ததுதான். ஓரத்தை உருட்டிவிடுவது முழங்கால். உள்வாங்கிக் குழிப்பது கிண்ணம். வளைந்து நெளிந்து இறங்குவது வாத்துக்கழுத்து. அடியில் விரிகிற பள்ளம் புறாவால். நுனியில் பேரிங் வைத்து, அடியில் இருக்கிற பலகையின் போக்கிலேயே போவது சக்கரக்காரி. "சொன்ன பேச்சு கேக்கிறவ, என்ன மாதிரி" என்று சக்கரக்காரியை அறிமுகப்படுத்துவார். அப்போது அவர் வீட்டுக்காரர் அங்கே இருந்தால் வேறு பக்கம் பார்த்து இருமுவார். முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மதியச் சாப்பாடு கொண்டுவருவது அவர் வேலை.

கடை கைக்கு வந்த முதல் வாரத்தில் ஒரு மேஸ்திரி பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, சுத்தமான கை, யார் போட்டது என்று கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல், கடையில் ஆம்பளை யாரும் இல்லையா என்று உள்ளே வேறு எட்டிப்பார்த்திருக்கிறார். அக்காவுக்குச் சுருக்கென்றது. "நான்தான் போட்டேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அப்படி வந்தது பதினேழு வருடம் அங்கேயே தங்கிவிட்டது. கேட்கிறவருக்கெல்லாம் "நானே போட்டது". கேட்காதவருக்கும். உண்மை என்னவென்றால் ஓடுகிற ரவுட்டரை அக்கா ஒரு நாளும் மரத்தில் வைத்ததில்லை. வீட்டுக்காரருக்கு மட்டும் அது தெரியும்.

சங்கிலியிலிருந்து பலகை முதல்முறையாக இறங்கியது காண்ட்ராக்டர் தம்பிக்காக. அவர் கட்டுகிற வீட்டில் மாடிப்படியின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்று வீட்டுக்கார அம்மாவுக்கு முடிவு வரவில்லை. போட்டோ காட்டினால் விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்கிறார். ஒரே ஒரு நாள் கொடுங்கள் என்று காண்ட்ராக்டர் கையைப் பிடித்துக் கேட்டார். பத்து வருடப் பழக்கம். அக்கா சங்கிலிப் பூட்டைத் திறந்து கொடுத்தார்.

மறுநாள் ஆளைக் காணோம். அதற்கடுத்த நாள் வெறும் சிமெண்ட் சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று கூப்பிட்டும் வரவில்லை. சாக்கை மேசையில் கவிழ்த்தார். ஒன்பது ஆப்புகள் உருண்டன.

கட்டிடத்தில் அன்றைக்குக் கதவு நிலைகளை நிறுத்தியிருக்கிறார்கள். நிலையை நேராக்க ஆப்பு வேண்டும். வேலைக்காரர் சுற்றும்முற்றும் பார்த்திருக்கிறார். ஓரமெல்லாம் விதவிதமாகக் கடிபட்டு, நடுவில் கண்டபடி கீறல் விழுந்து, சுவரில் சாய்ந்திருந்தது ஒரு பலகை. யாரோ வேலை பழகுகிறவன் கிறுக்கிப்போட்டது என்று நினைத்து ரம்பத்தை எடுத்து அறுத்துவிட்டார். ஒன்பதுதான் கிடைத்தன. மீதியெல்லாம் சுவருக்குள் போய் மேலே பூச்சும் ஏறிவிட்டது.

அக்கா ஓர் ஆப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஒரு பக்கத்தில் கிண்ணம் பாதி இருந்தது.

"பதினேழு வருஷமா இந்தத் தெருவுல எனக்கு யாரும் ஆப்பு வச்சதில்ல" என்றார். "நீ ஒன்பது வச்சிருக்க."

காண்ட்ராக்டருக்கு அழுகை வராத குறை. நல்ல தேக்கு, அதே கனம், அதே நீளம், தானே கொண்டுவந்து தருவதாகச் சத்தியம் செய்தார். அதற்கு மேல் ஒன்று சொன்னார். அதுதான் வில்லங்கம்.

"நீங்க போட்டதுதானக்கா. இன்னொரு தடவ போட்டுடுங்க. நீங்க போடுறத நானும் பக்கத்துல நின்னு பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை."

செய்த தப்புக்குப் பரிகாரமாக அவர் அதை அத்தோடு விடவுமில்லை. சனிக்கிழமை பதினொரு மணிக்கு அக்கா தன் கையால் பலகை போடுகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்துவிட்டுப் போனார். பக்கத்துப் பசைக்கடைக்காரர், தான் பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வருவதாகச் சொல்லியனுப்பினார்.

இடையில் ஐந்து நாள். பலகை இல்லாத கடையைப் பார்க்கவே சகிக்கவில்லை. வருகிறவர்களின் விரல் பழக்கத்தில் மேலே போய்க் காற்றைத் தடவியது. வாயால் சொன்னால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் புரியவில்லை. முழங்கால் கேட்டவர் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய், ஒரு கட்டிலின் தலைமாட்டைக் குழித்துவிட்டுத் திரும்பி வந்தார். பலகை இல்லாமல் இந்தக் கடை ஓடாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. போட்டது அக்கா இல்லை என்று தெரிந்தால் அப்புறம் யார் இங்கே சட்டைக் கையை நீட்டப் போகிறார்கள்?

வேறு ஊரில் யாரையாவது பிடித்துப் போட்டுவிட்டு, சனிக்கிழமை கை சுளுக்கு என்று சொல்லிவிடலாம் என்றார் வீட்டுக்காரர். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து, உள்ளே இருப்பதை ஆராய ஆரம்பித்தார்.

முதல் நாள் மதியம் ஒரு மணிக்கு ஷட்டர் பாதி இறங்கியது. கடையில் ஓட்டிப் பார்க்க வைத்திருக்கும் மெஷினை அக்கா எடுத்தார். பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். முழங்கால் பிட்டை வாயில் நுழைத்தார். முழுக்கத் தள்ளி, ஒரு நகக்கனம் மேலே இழுத்து, இரண்டு ஸ்பானரால் முறுக்கினார். ஒரு பழைய பைன் பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்கினார். கண்ணாடி மாட்டினார். இதுவரை எல்லாம் பத்தரை மாற்று. ஆயிரம் பேருக்குச் சொன்ன பாடம், தனக்கு வராமல் போகுமா?

சுவிட்சைப் போட்டார். மெஷின் கூவியது. "இடமிருந்து வலம்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொண்டு ஓரத்தில் வைத்தார்.

மெஷின் ஓடியது. அக்கா ஓட்டவில்லை, அதுவாக ஓடியது. சங்கிலி அறுந்த நாய் மாதிரி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பாய்ந்தது. பலகையை மூன்று இடத்தில் கடித்துக் குதறிவிட்டு வெளியே துள்ளியது. அக்காவின் முழங்கை அலமாரியில் இடித்தது. கையை மட்டும் விடவில்லை. சுவிட்சை அணைத்துவிட்டு முழங்கையைத் தேய்த்துக்கொண்டார்.

மறுநாள் வேறு பிட், வேறு பலகை. அதே பாய்ச்சல். மெஷினில்தான் கோளாறு என்றார் அக்கா. மரம் கோணல் என்றார். மின்சாரம் கூடக்குறைய வருகிறது என்றார். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்.

"வாய் இடமிருந்து வலம்னு சொல்லுது" என்றார். "கை வேற ரூட்ல போகுது."

"சும்மா இருங்க. நான் சொன்ன பக்கம்தான் போனேன்."

"நீ வலதுலேர்ந்து எடதுக்குப் போன. சத்தியமா."

அக்கா தன் கையைப் பார்த்தார். பிட் சுழலுகிற திசைக்கு எதிராக மெஷினைத் தள்ளினால் அது கையில் அடங்கும். அது சுழலுகிற பக்கமே போனால் இழுத்துக்கொண்டு ஓடும். இதைத் தினம் நாலு பேருக்காவது சொல்லுகிறவர் அவர். சொல்லும்போது கையால் காட்டவும் செய்வார். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, எதிரில் நிற்கிறவர் பக்கத்து ஓரத்தில், அவருடைய இடதிலிருந்து அவருடைய வலதுக்கு. எதிராளியின் இடம் வலம் அக்காவுக்குத் தலைகீழ். பதினேழு வருடமாக அந்தக் கை தினமும் வலதிலிருந்து இடதுக்கே போய்வந்திருக்கிறது.

"எதுத்தாப்ல வர்ற வண்டிக்கு எடது, எனக்கு வலது. இது தெரியாமலா முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன்?" என்றார் வீட்டுக்காரர். "அடுத்தவனுக்குக் காட்டிக் காட்டி உன் கை அடுத்தவன் கையா ஆயிடுச்சு மொதலாளியம்மா."

அக்காவுக்குக் கோபம் வந்தது, பிறகு சிரிப்பு வந்தது, பிறகு மறுபடியும் கோபம் வந்தது. கண்டுபிடித்தது வீட்டுக்காரர் என்பதுதான் அதிகம் வலித்தது.

தெரிந்ததும் சரியாகிவிடவில்லை. மனதில் திருத்தினாலும் கை பழைய பக்கமே இழுத்தது. நாலாம் நாள் மதியம் அக்கா இன்னொரு பைன் பலகையைத் தூக்கிக் கல்லா மேசையின் மேலேயே வைத்தார். மேசையின் ஓரத்தில் கீல் போட்ட வழிப்பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, வாடிக்கையாளர் நிற்கிற இடத்தில் போய் நின்றார். எதிரில் அவருடைய நாற்காலி.

"அதுல உக்காருங்க" என்றார். "நான் காட்டுற மாதிரி காட்டுங்க."

வீட்டுக்காரர் உட்கார்ந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அக்காவின் ரவிக்கைக் கையைப் பிடித்து நகத்தால் சுரண்டி முகர்ந்தார். "பைன். ஓரமா, நடுவா? பிளக்கப் பிடுங்கினியா? எங்கிட்ட வந்து அழக்கூடாது" என்று அக்காவின் குரலிலேயே சொன்னார். அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரிப்பு. சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கையை நீட்டி, எதிரில் இருக்கிற ஓரத்தில் மெல்ல இழுத்துக் காட்டினார். அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே, அது போகிற பக்கம் மெஷினை விட்டார்.

பிட் மரத்தைக் கவ்வியது. கையில் ஓர் எதிர்ப்பு தெரிந்தது. எருமையைத் தண்ணீரிலிருந்து கரைக்குத் தள்ளுகிற மாதிரி கனமான, நம்பலாம் போன்ற எதிர்ப்பு. சுருள் சுருளாகத் தூள் பறந்தது. முழங்கால் வழுவழுவென்று வந்தது. அக்கா மெஷினை அணைத்துவிட்டு விரலை ஓட்டிப் பார்த்தார். மறுபடியும் ஓட்டிப் பார்த்தார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தூக்கை யாரும் திறக்கவில்லை.

சனிக்கிழமை கடை வாசலில் பத்துப் பேருக்கு மேல் நின்றார்கள். காண்ட்ராக்டர் இழைத்துப் பளபளவென்று இருந்த ஒரு தேக்குப் பலகையைத் தோளில் சுமந்து வந்தார். முன்னால் போட்ட நாற்காலியில் ஒரு மூத்த தச்சர், கையைக் கட்டிக்கொண்டு. அக்கா மேசையை விட்டு வெளியே வந்து நின்றதும் பசைக்கடைக்காரர் சும்மா இருக்கவில்லை.

"என்னக்கா, கஸ்டமர் பக்கம் நிக்கிறீங்க?"

"இன்னைக்கு நான் எங்கிட்டயே வாங்க வந்திருக்கேன்" என்றார் அக்கா.

நாற்காலியில் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. அவ்வப்போது அவர் வலது கை மேசைமேல் ஒரு பக்கமாக நகர்ந்தது. ஈ ஓட்டுகிறார் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஆறாவது வெட்டுக்குப் பிறகு அக்கா அந்தக் கையைப் பார்க்கவில்லை. அது வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனாலும் ஈ ஓட்டுவதை நிறுத்தவில்லை.

முழங்கால், சரிவு, படி, கிண்ணம் எல்லாம் கேட்டபடி வந்தன. வாத்துக்கழுத்தில் ஓர் இடத்தில் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. கை அரை நொடி தயங்கியது. நின்ற இடத்தில் பிட் உரசி, வளைவில் பழுப்பாக ஒரு கருகல் விழுந்தது. மூத்த தச்சர் உச்சுக்கொட்டினார். அக்கா பிளக்கைப் பிடுங்கி அடுத்த பிட்டை மாட்டினார்.

கடைசியில் புறாவால். முதலில் நேர் பிட்டால் வழி திறந்துவிட்டு, பிறகு வால் பிட்டை முழு ஆழத்தில் ஒரே போக்காக விட வேண்டும். அடி அகலம், வாய் குறுகல். நடுவில் மெஷினைத் தூக்கினால் பள்ளத்தின் இரண்டு உதடும் பிய்ந்துவிடும். பாதிப் பலகையில் காண்ட்ராக்டரின் போன் அலறியது. யாரோ யாரையோ அதட்டினார்கள். அக்காவின் காதில் எதுவும் ஏறவில்லை. கை அதன் வேகத்தில் போய், மறுமுனையில் வெளியே வந்த பிறகுதான் நிமிர்ந்தார். மணி இரண்டாகியிருந்தது.

காண்ட்ராக்டர் பலகையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினார். அவர் முகத்திலிருந்து ஒரு வாரப் பாரம் இறங்கியது.

"அப்படியே பழசு மாதிரியே இருக்குக்கா. அதே கை."

இங்கே சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டுக்காரர்கூடச் சும்மா இரு என்று கண்ணால் சொன்னார். அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து, பாதிக் கிண்ணம் இருந்த ஆப்பை எடுத்துப் புதுப் பலகையின் பக்கத்தில் வைத்தார்.

"அதே கை இல்ல தம்பி. இந்த ஆப்புல இருக்கிறது பழைய முதலாளி கை. அவரு ஒரு எடத்துலகூடக் கருக்கமாட்டாரு. பலகையில இருக்கிறது என் கை. ரெண்டையும் ஒண்ணாக்காத."

பசைக்கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அப்ப பதினேழு வருஷமா நீங்க சொன்னது பொய்யாக்கா?"

"பொய் எப்படிப்பா ஆகும்? பலகை போட்டிருக்கேனா இல்லையா? கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன். அவ்வளவுதான்."

 மூத்த தச்சர்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வந்து, கட்டிய கையை அவிழ்த்து, வாத்துக்கழுத்தின் கருகலில் விரலை வைத்தார். இதைத் தேய்த்து எடுத்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்றார் அக்கா. மெதுவாகப் போனால் என்ன ஆகும் என்று வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இனி தொட்டுக் காட்டலாம். பைன் பலகையையும் பின்பக்கத்திலிருந்து எடுத்து வரச் சொன்னார். மூன்று இடத்தில் கடிபட்ட அந்தப் பலகையும் அன்றைக்கே சங்கிலியில் ஏறியது, தப்புத் திசைக்கு மாதிரியாக. அதை யார் போட்டது என்று கேட்டால் அக்கா வீட்டுக்காரரைக் காட்டுகிறார். அவர் இருமுகிறார்.

திங்கட்கிழமை காலை கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் வந்தார். புது மெஷின், புதுக் கையுறை, சட்டைக் கையில் துளித் தூள் இல்லை. அக்கா சுரண்டிப் பார்த்து ஏமாந்தார். பலகையில் விரலை ஓட்டி முழங்காலில் நிறுத்திய அந்தப் பெண், ஓரத்தில் எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் ஓட்டணும்க்கா, எனக்கு இடம் வலமே குழம்பும் என்று தயங்கிக் கேட்டார்.

அக்காவின் கை பழக்கத்தில் மேசைக்கு மேல் எழுந்தது. வலதிலிருந்து இடதுக்குக் கிளம்பி, பாதியில் நின்றது.

வழிப்பலகையைத் தூக்கிவிட்டு அக்கா மேசையை விட்டு வெளியே வந்தார். அந்தப் பெண்ணின் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்று, அதே ஓரத்தில் தன் விரலை வைத்தார்.